வாடகை பாதியாக வருகிறது: பொறுப்பதா, குறைப்பதா, வீட்டை விட்டு எழுப்புவதா?

வாடகையே தராத ஆளைவிடப் பாதி வாடகை தருகிற ஆளோடுதான் முடிவெடுப்பது கடினம். ஒன்றுமே வராவிட்டால் இரண்டாம் மாதமே கோபம் வந்து ஏதாவது செய்துவிடுவோம். இருபதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் வந்தால் அப்படி இல்லை. "மிச்சம் வாற மாசம் தாறன் அண்ணை" என்ற சொல்லும் கூடவே வரும், நாங்களும் சரி என்று வாங்கி வைப்போம், அடுத்த மாதம் பத்தாயிரம், அதற்கடுத்த மாதம் பதினைந்தாயிரம், ஆறு மாதம் போனதும் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் வீட்டுக்காரரிடம் ஒரு கணக்கு இருக்கும், குடியிருப்பவரிடம் வேறொரு கணக்கு இருக்கும். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் வீடோ அறையோ வாடகைக்குக் கொடுத்திருக்கிற எங்கள் சனத்தில் கனபேருக்கு இது நடக்கிறது. என்ன செய்யலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு இப்போது வேண்டியது பணமா, வீடா?

இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கையில் இருக்கிற வழிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து மற்றதை விடச் சொல்கிறது. தவணை போட்டுக் கொடுத்தால் பணம் வரலாம், ஆள் போகமாட்டார். பாக்கியை மன்னித்தால் வீடு வரும், பணம் வராது. வழக்குப் போட்டால் கடைசியில் இரண்டும் வரலாம், ஆனால் அந்தக் கடைசி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை முதலில் தீர்மானிக்காமல் ஒரு நாள் மிரட்டி, ஒரு நாள் இரங்கி, ஒரு நாள் சட்டத்தரணியிடம் ஓடினால் வருடம் ஒன்று அப்படியே போய்விடும்.

எந்த வழிக்குப் போனாலும் அதற்கு முன் பாக்கி எவ்வளவு என்பது கடதாசியில் வர வேண்டும். இரண்டு பேரும் இருந்து, மாதம் மாதமாக எழுதி, கடைசித் தொகைக்குக் கீழே இருவரும் கையொப்பம் வைப்பது. மறுத்தால், கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள், அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் நீங்கள் இன்ன திகதியில் இன்ன தொகையைக் கேட்டீர்கள் என்பது பதிவாக இருக்கும். பற்றுச்சீட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பன்னிரண்டாயிரத்தை வாங்கிவிட்டு "ஜூன் மாத வாடகை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்தால், ஜூன் கணக்கு முடிந்தது என்று அதையே நாளைக்குக் காட்டலாம். "ஜூன் மாத வாடகை ரூபா 20,000இல் ரூபா 12,000 பெற்றேன், மீதி ரூபா 8,000 நிலுவை" என்று எழுதுங்கள். குறைந்த தொகையை ஒன்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தால் வாடகை குறைக்கப்பட்டுவிட்டது என்று வாதாட இடம் கொடுக்கிறீர்கள், அதுவும் வாய்ப்பேச்சில் கொடுத்த வீடு என்றால் எது உண்மையான வாடகை என்பதற்கே சாட்சி தேட வேண்டி வரும். இன்னொன்று, வாடகைப் பாக்கியைக் கேட்டு வழக்குப் போடுவதற்கும் காலக்கெடு உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைப் பாக்கிக்கு மூன்று வருடம். உறவுக்காரர், தெரிந்த பிள்ளை என்று நான்கு, ஐந்து வருடப் பாக்கியைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அப்புறம், ஏன் குறைகிறது என்று தெரிய வேண்டும். இதைக் கேட்காமல் எந்த வழி சரி என்று சொல்லவே முடியாது. வன்னியில் மாதச் சம்பளம் வாங்குகிற வீடுகள் குறைவு, வருமானம் காலத்தோடு வருவதும் போவதுமாக இருக்கிறது. வயலை நம்பியிருக்கிறவருக்குக் காலபோக வெட்டு முடிந்து நெல்லு விற்ற பிறகுதான் கையில் காசு, அது தை கடைசி தொடக்கம் பங்குனி வரைக்கும் இழுக்கும். சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது, இரணைமடுக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கருக்கு விதைக்கலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்த பிறகுதான் அந்த வருடம் இரண்டாவது வருமானம் இருக்கா இல்லையா என்றே தெரியும். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவருக்கு வடகீழ்ப் பருவக்காற்று நேரம், கார்த்திகை மார்கழியில், கடல் இறங்க முடியாத நாட்கள் கனக்க. மேசன் வேலைக்காரருக்கும் அதே மழைக்காலம்தான் பஞ்சம். இவர்களில் ஒருவர் மார்கழியில் பாதி தருகிறார் என்றால் அது காசு பிந்துகிற பிரச்சினை. வேலை போய்விட்டது, குடும்பத்தில் உழைக்கிறவர் படுத்துவிட்டார், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் அது காசே இல்லாத பிரச்சினை. உழைப்பும் இருக்கிறது, மோட்டார் சைக்கிளும் புதிதாக நிற்கிறது, வாடகை மட்டும் குறைகிறது என்றால் அது மனம் இல்லாத பிரச்சினை. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

நான்காவதாக ஒன்றும் இருக்கிறது, அதை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை: கிழமைக் கடன். நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்கு ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார், அவருக்குக் கொடுக்காமல் அனுப்ப முடியாது, குழுவில் இருக்கிற மற்றப் பெண்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாதத்தில் நான்கு தரம் அது போன பிறகு மிஞ்சுவதுதான் வாடகையாக உங்களிடம் வருகிறது. இப்படியான வீட்டில் இருக்கிறவர் ஏமாற்றவில்லை, கடைசியாகக் கேட்கிறவருக்குக் கடைசியாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சும்மா பொறுத்திருப்பதும் ஒரு வழிதான், அதை நான் கேவலமாகச் சொல்லமாட்டேன். பருவகாலத்தால் பிந்துகிற வருமானம், முந்தைய வருடங்களில் வெட்டு முடிந்ததும் பாக்கியைக் கொண்டுவந்து தந்த ஆள், வீட்டையும் வளவையும் துப்புரவாக வைத்திருக்கிறார் என்றால் இரண்டு மூன்று மாதம் பொறுப்பதுதான் புத்தி. ஆனால் பொறுப்பதற்கு ஒரு முடிவுத் திகதி வேண்டும். "தம்பி, மாசி கடைசி மட்டும் பாக்கிறன், அதுக்குள்ள பழைய பாக்கி முழுக்க வரவேணும்" என்று வாயால் சொல்லி எழுத்திலும் கொடுங்கள். திகதி இல்லாமல் பொறுத்தால் அந்தப் பாதியே அவருக்கு வாடகையாகப் பழகிவிடும்.

தவணை போடுவது எல்லாரும் முதலில் கேட்கிற வழி, அதிகமாக முறிகிற வழியும் அதுதான். காரணம் கணக்குத்தான். பன்னிரண்டாயிரத்துக்கே முழி பிதுங்குகிறவரிடம் "இனி இருபதாயிரமும் தா, பாக்கிக்கு ஐயாயிரமும் தா" என்று எழுதி வாங்கினால் அவர் அந்த இடத்தில் தப்புவதற்காகக் கையொப்பம் வைப்பார், முதல் மாதமே முறியும், பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு போனையும் எடுக்கமாட்டார். நாட்கூலிக்காரருக்கும் கிழமைக் கடன் உள்ளவருக்கும் நான் சொல்வது மாதத் தவணையை விட்டுக் கிழமைத் தவணைக்கு மாறுங்கள் என்பது. இருபதாயிரம் வாடகையைக் கிழமைக்கு ஐயாயிரமாக ஆக்குங்கள், சனிக்கிழமை சம்பளம் கிடைத்தால் அன்று பின்னேரமே யாராவது போய் வாங்கட்டும். வருடத்துக்கு 52 கிழமை, அப்படியென்றால் 260,000 ரூபா. பன்னிரண்டு மாத வாடகை 240,000. மிஞ்சுகிற 20,000 பாக்கியில் கழிகிறது, தவணை என்று தனியாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, அவருக்கும் ஒரே நாளில் இருபதாயிரம் தேடுகிற பாரம் இல்லை. போய் வாங்குகிற சிரமம் உங்களுக்குத்தான். அந்தச் சிரமத்துக்கு ஆயத்தம் இல்லை என்றால் இந்த வழியை எடுக்க வேண்டாம்.

வாடகையைக் குறைத்துக் கொடுப்பதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள் ஒரு தரம் கணக்கைப் பார்க்க வேண்டும். இருபதாயிரத்து வீட்டில் இருந்து இந்த ஆளை எழுப்பிவிட்டால் அடுத்த ஆள் வர, ஒரு கணக்குக்கு, இரண்டு மாதம் பிடிக்கும் என்று வைப்போம். வீட்டுக்கு வெள்ளை அடித்து, பைப்பு மாற்றி, பூட்டு மாற்றி முப்பதாயிரம் போகும் என்றும் வைப்போம். முதல் வருடத்தில் பத்து மாத வாடகை 200,000, செலவு போக மிச்சம் 170,000. இருக்கிற ஆளுக்கே பதினைந்தாயிரமாகக் குறைத்து அதை அவர் ஒழுங்காகத் தந்தால் வருடத்துக்கு 180,000. ஆக முதல் வருடத்தில் பதினைந்தாயிரம் தருகிற பழைய ஆள்தான் இலாபம், பன்னிரண்டாயிரம் தருகிற ஆள் நட்டம், கோடு ஏறத்தாழப் பதினாலாயிரத்தில் விழுகிறது. இரண்டாம் வருடம் கணக்குத் தலைகீழாகும், புது ஆள் 240,000 தரும் இடத்தில் பழையவர் அதே 180,000தான் தருவார். அதனால் குறைப்பு என்றால் அது ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ மட்டும்: "ஜூலை முதல் டிசம்பர் வரை 15,000, ஜனவரி முதல் மீண்டும் 20,000" என்று எழுத்தில். கிளிநொச்சி நகரத்துக்குள், ஆஸ்பத்திரிக்கும் கந்தோர்களுக்கும் கிட்ட உள்ள வீடு என்றால் இடமாற்றத்தில் வருகிற உத்தியோகத்தர்கள் எடுக்கலாம், காலி மாதம் குறையும், அப்போது குறைத்துக் கொடுக்கத் தேவையில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ளுக்குள் இருக்கிற வீடு பூட்டிக் கிடந்தால் நான்கைந்து மாதமும் கிடக்கலாம், கறையான் வேறு பிடிக்கும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், எண்களை உங்கள் எண்களாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

"அட்வான்ஸில கழியுங்கோ" என்பதை மட்டும் இலேசில் ஒத்துக்கொள்ள வேண்டாம். அட்வான்ஸ் இருப்பது கடைசி நாளுக்கு. லைட் பில், தண்ணீர் பில், உடைந்த கதவு, கிணற்று மோட்டர் எல்லாம் அந்த நாளில்தான் தெரியவரும், பில்லும் உங்கள் பெயரில்தான் வருகிறது. அட்வான்ஸ் கரைந்துவிட்டால் குடியிருப்பவருக்கு ஒழுங்காக எழும்புவதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. வெளியேறும் திகதி எழுத்தில் வந்தால், அந்தத் திகதி வரைக்குமான மாதங்களைக் கழிக்கலாம், அதுவும் ஒரு மாதத் தொகையை மிச்சம் வைத்து.

இனி நான் அதிகம் சிபாரிசு செய்கிற வழி: பாக்கியை விட்டுக்கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்குவது. காசே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்த வீட்டுக்கு இதுதான் சரி என்பது என் முடிவு. "அக்கா, நாப்பத்தெட்டாயிரம் பாக்கி நிக்குது. நீங்கள் ஆனி முப்பதுக்குள்ள வீட்டைத் தந்தால் அதை நான் கேக்கமாட்டன், அட்வான்ஸையும் பில் கழிச்சுத் தாறன். பிந்தினால் இந்தக் கதை இல்லை." இப்படிச் சொன்னால் அவர்களுக்கும் மூச்சு வரும், ஏனென்றால் வேறு வீடு பார்க்க அட்வான்ஸ் வேண்டும், பாக்கியைக் கட்டினால் அது இருக்காது, கட்டாமல் எழும்ப முடியாது என்று அந்தக் குடும்பம் இரண்டுக்கும் நடுவில் கிடந்து அந்தரப்படுகிறது. சாமான் ஏற்ற லொறிக்கூலியையும் நீங்களே கொடுத்தால்கூட மோசம் இல்லை. அந்த நாற்பத்தெட்டாயிரம் எப்படியும் வராத காசு. அதை விட்டதால் நீங்கள் இழப்பதையும், ஒரு வருடம் வாடகையே இல்லாமல் அவர் இருந்தால் போகிற 240,000 ரூபாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திகதி வைக்கும்போது பிள்ளைகளின் சோதனையைப் பாருங்கள். சாதாரண தரம் எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டைச் சோதனைக்கு மூன்று கிழமை இருக்க எழுப்பாதீர்கள், சோதனை முடிந்த அடுத்த கிழமையைத் திகதியாக வையுங்கள். 2009இல் மூட்டையோடு றோட்டில் நின்ற சனம் நாங்கள் எல்லாரும், இன்னொருவர் சாமானை றோட்டுக்கு எடுத்து வைப்பதை இந்த ஊர் மறக்காது, நாங்களும் அதைச் செய்யக் கூடாது.

பேசியும் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் இணக்கசபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க இருக்கிற மத்தியஸ்த சபைகளைத்தான் ஊரில் இப்படிச் சொல்கிறோம். பெரும்பாலும் சனி ஞாயிறில் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள், மூன்று பேர் இருந்து கேட்பார்கள், சட்டத்தரணி வந்து பேச இடமில்லை, செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சட்டம் வைத்திருக்கிற தொகை வரம்புக்குள் வருகிற பாக்கி என்றால் நேரே நீதிமன்றம் போகவும் முடியாது, இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழை இங்கே எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சபைக்கு ஒருவரை வீட்டை விட்டு எழுப்புகிற அதிகாரம் கிடையாது, இதைத் தெரியாமல் போய் ஏமாந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன தவணையையோ, பாக்கியை விட்டு வீட்டைத் திரும்ப வாங்குவதையோ மூன்று ஊர்ப் பெரியவர்களுக்கு முன் எழுதிக் கையொப்பம் வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வீட்டுக்குள் இருவரும் பேசி வைத்த சொல்லை மீறுவதும் அவர்களுக்கு முன் வைத்ததை மீறுவதும் ஒன்றல்ல. ஆக இதைச் சண்டை முற்றிய பிறகு போகிற இடமாக வைக்காதீர்கள், பேச்சு பாதி ஒத்துவந்திருக்கும்போதே போங்கள்.

நீதிமன்றம் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கேஸ் போட்டால் சரி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உங்கள் கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

கொமினிகேசன் கடையில் ரைப் பண்ணி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சி வைத்த ஒரு வருட ஒப்பந்தம்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் ஒரு வருடக் குத்தகை என்று அது நிற்காது, மாதாந்த வாடகை என்றுதான் பார்க்கப்படும். இதில் உங்களுக்கு வசதியும் இருக்கிறது: மாதாந்த வாடகையை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் போதும், அது மாதக் கடைசி நாளில் முடிய வேண்டும். ஜூலை 31இல் வீட்டை விடச் சொல்வதென்றால் ஜூன் முடிவதற்குள் அறிவித்தல் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். ஜூலை 10இல் அனுப்பி ஓகஸ்ட் 10இல் விடச் சொன்னால் அறிவித்தலே பிழை என்று சொல்லி வழக்கைத் தள்ளப் பார்ப்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தருகிற துண்டைக் கவனமாக வைத்திருங்கள். அறிவித்தல் அனுப்பிய பிறகு பழையபடி "வாடகை" என்று பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் அறிவித்தலை நீங்களே கைவிட்டீர்கள் என்று ஆகலாம், அதற்குப் பிறகு வருகிற காசை எப்படி எழுதி வாங்குவது என்று சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நொத்தாரிசு எழுதிய குத்தகை இருந்தால் கதை வேறு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் விட்டுப் போகாதவரிடம் இருந்து கட்டடத்தை மீளப் பெறுவதற்கென்றே வந்தது, மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்கின் நீண்ட பாதையில் போகாமல் சுருக்கமான முறையில் கேட்கலாம். வவுனியா நகரில் 1980க்கு முந்திய பழைய கட்டடம் என்றால் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குறுக்கே வரலாம், அது குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுக்கிற சட்டம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று வாடகைக்கு இருக்கிற வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 2009க்குப் பிறகு கட்டினவை, அவற்றுக்கு அந்தச் சட்டத்தால் தொல்லை வராது.

ஆனால் அங்கே வேறொரு முடிச்சு இருக்கிறது, அதுதான் பெரியது. காணி யாருடையது? வன்னியில் கனக் குடும்பங்கள் இருப்பது உறுதிக் காணியில் இல்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு நிபந்தனையோடு கொடுத்த பெர்மிட் காணியில். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் குத்தகைக்கு விடுவது பெர்மிட் நிபந்தனையை மீறுவது. வீட்டுத் திட்டத்தில் கட்டின வீட்டைப் பூட்டி வைக்க மனமில்லாமல் வாடகைக்குக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிறவர் வழக்குப் போனால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அந்தப் பத்திரத்தைத்தான். பாக்கி வாடகையை வாங்கப் போய் பெர்மிட்டையே கேள்விக்குள்ளாக்கிய ஆளாக நிற்பீர்கள். அதனால் அறிவித்தல் அனுப்ப முன்னம் உங்கள் காணிப் பத்திரத்தை எடுத்து முழுக்க வாசியுங்கள், உறுதியா, அரசு எழுதித் தந்த அளிப்புப் பத்திரமா, பெர்மிட்டா, வெறும் குடியிருப்பா என்று பாருங்கள், அதையும் கொண்டுபோய்ச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பெர்மிட் என்றால் என் எண்ணம் தெளிவு: நீதிமன்றம் உங்களுக்கு வழி அல்ல, பேச்சும் விட்டுக்கொடுப்பும்தான் வழி.

எல்லாப் பத்திரமும் சரியாக இருந்தாலும் வழக்கு வருடக்கணக்கில் போகலாம், தீர்ப்பு வந்தாலும் மேன்முறையீடு இருக்கிறது, கடைசியில் நீதிமன்றத்தின் பிஸ்கால் வந்துதான் வீட்டை எடுத்துத் தர வேண்டும். மனம் இல்லாமல் தராத ஆள், கடைக்கட்டடம், பெரிய பாக்கி, உறுதிக் காணி, நொத்தாரிசுக் குத்தகை, இவை சேர்ந்திருந்தால் தயங்காமல் போங்கள். மற்ற இடத்தில் சட்டத்தரணியின் ஒரு அறிவித்தல் கடிதம் வரைக்கும் போய், அதை வைத்து இணக்கசபையில் பேசி முடிக்கப் பாருங்கள். கனபேருக்கு அந்தக் கடிதமே போதும்.

பூட்டுப் போடுவது, கரண்டை நிறுத்துவது, தண்ணீர் மோட்டரைக் கழற்றுவது, பெடியளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமானை வெளியே எடுப்பது, இவற்றை நான் வழிகளில் சேர்க்கவே இல்லை. முதலில் அது அநியாயம். அதைவிட, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிசார் இதைச் சமாதானக் குலைவு என்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், குடியிருந்தவரும் தானே போகலாம். நீதிமன்றத்துக்குப் போன நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக எழுப்பப்பட்டார் என்று தெரிந்தால் நீதிமன்றம் அவரைத் திரும்பக் குடியமர்த்தும். வீடு யாருடையது, பாக்கி எவ்வளவு என்று அந்த இடத்தில் பார்க்கமாட்டார்கள், இருந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்கிற எந்தக் கணக்கையும் அவர் கேட்கப் போவதில்லை. பொலிசில் போய்ச் சொன்னால் எழுப்பித் தருவார்கள் என்பதும் நடக்காத காரியம், இது சிவில் விஷயம், அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கிராம சேவையாளரும் அப்படித்தான், அவர் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம், எழுப்ப முடியாது.

"கன வருஷம் இருந்தால் வீடு அவையளுக்குப் போயிடும்" என்ற பயத்தில் அவசரப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு என்று ஒத்துக்கொண்டு இருக்கிறவர் உங்கள் அனுமதியில் இருக்கிறார், வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்தாலும் கிராம சேவையாளரிடம் பதிவிருந்தாலும் அதனால் வீடு அவருடையதாகிவிடாது. பத்து வருட ஆட்சி என்பது உங்கள் உரிமையை மறுத்து, உங்களுக்கு எதிராக இருந்தால் வருகிற விஷயம். பாதி வாடகைக்கு ஒழுங்காகப் பற்றுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாலே இந்தப் பயம் தேவையில்லை, அந்தச் சீட்டின் அடிக்கட்டை அவர் வாடகைக்காரர் என்பதற்கு உங்கள் கையில் இருக்கிற சாட்சி.

வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிசிலோ இருந்து, இங்கே பார்த்துக்கொள்வது மாமாவோ மச்சானோ என்றால் இன்னும் ஒரு விஷயம். வாடகை வாங்குவதற்கு வாய்ச்சொல் போதும், ஆனால் அறிவித்தல் அனுப்பவும் இணக்கசபையில் கையொப்பம் வைக்கவும் வழக்குப் போடவும் அவருக்காகச் செய்ய அதிகாரம் கொடுக்கிற, பதிவு செய்த அற்றோணித் தத்துவம் வேண்டும். அங்கே இருக்கிறவர் போனில் குடியிருப்பவரோடு நேரே கதைத்து "சரி, ரெண்டு மாசம் பொறுக்கிறன்" என்று ஒன்று சொல்ல, இங்கே இருக்கிறவர் வாசலில் போய் நாளைக்கே எழும்பு என்று வேறொன்று சொல்ல, பாக்கிக்காரர் தனக்கு வசதியான சொல்லைப் பிடித்துக்கொள்வார். ஒரு ஆள் மட்டும் கதையுங்கள்.

திகதி குறித்து எழும்ப ஒத்துக்கொண்டுவிட்டால் அந்த நாளில் நீங்கள் நேரே போய் நில்லுங்கள். கரண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் படம் எடுங்கள், அன்றுவரைக்குமான பில்லை அட்வான்ஸில் கழித்து மிச்சத்தை அந்த இடத்திலேயே கையில் கொடுங்கள், பிறகு தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். "இன்றுடன் வீட்டை ஒப்படைத்தேன், வாடகைக் கணக்கில் இருவருக்கும் ஒருவரிடம் ஒருவருக்கு ஒன்றும் இல்லை" என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் கையொப்பம் வைத்து, ஆளுக்கொன்றை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திறப்பும் வந்ததா என்று பார்த்துவிட்டு, அன்று பின்னேரமே பூட்டை மாற்றுங்கள்.